மலிவுப் பண்டமும் அரும்பொருளும்: பன்னிரு தந்திக் கிற்றாரின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றின் வடிவம், சுருதி, வாசிப்பு முறை ஆகியவற்றை விவரிப்பதோடு அமைந்துவிடுகின்றனர். ஒரு கருவியைச் செய்தவர் யார், அது என்ன விலைக்கு எவ்வழியாக விற்பனையாயிற்று, அதனை வாங்கியவர் அப்பணத்தை எவ்வாறு ஈட்டினார் என்னும் வினாக்கள் இசை வரலாற்றுக்குப் புறம்பானவை எனத் தள்ளப்படுகின்றன. இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டு விளங்கிக்கொள்ள முடியாத கருவிகளுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் பன்னிரு தந்திக் கிற்றார். இன்று இணையவழிச் சந்தைகளிலே ‘விண்டேஜ்’ என்னும் அடைமொழியுடன் பல ஆயிரம் டொலர் விலை கூறப்படும் இக்கருவிகளுட் சில, தாம் செய்யப்பட்ட காலத்தில் நாட்கூலி உழைப்பாளியும் தெருப்பாடகரும் வாங்கத்தக்கனவாய் இருந்தவை. ‘விண்டேஜ்’ என்பது திராட்சை மதுவின் விளைச்சல் ஆண்டைக் குறித்த சொல். மது நாட்பட நாட்படச் சுவை கூடும் என்பர். கிற்றாரின் மரமும் உலர்ந்து ஒலி கனியும் என்று விற்பனையாளர் கூறுவர். அதில் உண்மை ஓரளவு இருக்கலாம். ஆயின் விலையின் ஏற்றத்தை மரத்தின் உலர்ச்சியைக்கொண்டு விளக்கிவிட முடியாது.

முதலிற் கருவியின் அமைப்பை நோக்குவோம். இதன் தந்திகள் ஆறு சோடிகளாக அமைவன. மேற்சுருதியுடைய இரு சோடிகளில் இரண்டு தந்திகளும் ஒரே சுருதியில் நிற்கும்; தாழ்ந்த நான்கு சோடிகளில் ஒவ்வோர் அடித்தந்திக்கும் அதன் மேல்ஸ்தாயித் தந்தி துணைநிற்கும். ஒரு சோடியின் இரு தந்திகளும் முற்றாக ஒத்து அதிர்வதில்லை. அந்த நுண்ணிய வேறுபாட்டினாலேயே ஒலி தடித்து எழுகின்றது. ஒலிபெருக்கி வழக்கிற்கு வராத காலத்தில், சந்தியிலும் புகையிரத நிலைய வாயிலிலும் தனியொருவராய் நின்று கூட்டத்தைத் திரட்ட வேண்டியிருந்த பாடகருக்கு இவ்வொலித் தடிப்புப் பிழைப்பின் தேவையாகும். ஆனால் பன்னிரு தந்திகளின் இழுவை ஆறு தந்திக் கருவியின் இழுவையிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முகப்பலகை வீங்கும், கழுத்து முன்னோக்கி வளையும், ஒட்டிய குதிரை பெயர்ந்துவிடும். வலுவாகச் செய்தால் விலை ஏறும். மலிவாகச் செய்தால் கருவி நில்லாது. இம்முரண்பாடு இக்கருவியின் வரலாறு நெடுகிலும் தொடர்வதைக் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியிலே இத்தகைய கருவிகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்தது, நியூ ஜேர்சி மாநிலத்தின் ஜேர்சி சிற்றியில் இயங்கிய ஒஸ்கார் சிமிற் நிறுவனம். ‘ஸ்ரெல்லா’ என்பது அதன் மலிவு விலைச் சின்னம். உடல் பேர்ச் மரத்தாலானது. முகப்பலகையின் உட்புறச் சட்டங்கள் ஏணிப்படி போல் குறுக்கே ஒட்டப்பட்டவை. இது விரைவாகச் செய்யக்கூடிய வேலை. குதிரை பெயராதிருத்தற்பொருட்டுத் தந்திகளைக் கருவியின் அடிப்புறத்துத் தகடொன்றில் மாட்டியிருந்தனர். விலையுயர்ந்த கிற்றார்களின் விரற்பலகை கருங்காலியாலானது. நம் நாட்டுக் கருங்காலியும் குடியேற்ற ஆட்சிக்காலத்தில் மேனாடுகளுக்கு ஏற்றுமதியான மரமே. ஸ்ரெல்லாவின் விரற்பலகையோ கருங்காலியைப் போலத் தோன்றுமாறு கறுப்புச் சாயம் ஊட்டிய மலிவு மரம். ஏழையின் பண்டத்திலும் செல்வனின் பண்டத்தினது சாயல் வேண்டப்பட்டது.

தொழிற்சாலை உற்பத்தி மலிவைத் தந்தது. அம்மலிவு தென் மாநிலத்துக் கறுப்பின உழைப்பாளியை எட்டுவதற்கு வேறொரு வழியும் வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்ததெனினும், பருத்தி நிலத்தை வாரத்திற்குச் செய்த குடியானவர்கள் விளைச்சலை ஈடுவைத்து ஊர்க்கடைக்காரனிடம் கடனுக்குப் பொருள் வாங்கும் நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தனர். கடைக்காரன் சிலவேளைகளில் நிலவுடைமையாளனே. என்ன பொருள், எந்தத் தரம், எத்தனை விலை என்பன அவன் முடிவு. வெள்ளையர் அனைவரும் வாங்கிச் சென்ற பின்னரே கறுப்பர் வாங்கலாம். இந்நிலையில் சிக்காகோவின் சியர்ஸ் ரோபக் போன்ற நிறுவனங்கள் அனுப்பிய தடித்த விலைப்பட்டியல் நூல்கள் ஊர்க்கடையின் ஏகபோகத்திற்கு ஊறு செய்தன. 1896இல் கிராமப்புறங்களுக்கு இலவசத் தபால் விநியோகம் தொடங்கிற்று. 1913இல் பொதித் தபால் சேவை வந்தது. தபாலில் வரும் கட்டளைக் கடிதத்திற்குத் தோலின் நிறம் இல்லை. அப்பட்டியல்களில் இரண்டு டொலருக்கும் குறைந்த விலையில் கிற்றார்கள் இருந்தன. தென்னகத்து வணிகர் சிலர் இந்நூல்களைத் திரட்டிப் பகிரங்கமாக எரித்தமைக்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இதனை வைத்து சியர்ஸ் நிறுவனத்தை விடுதலையாளராகச் சித்திரிக்க முற்படுவோரும் இன்றுளர். அது மிகை. பெருமூலதனம் சிறுமூலதனத்தை விழுங்கும்போது அங்குமிங்கும் சில கதவுகள் திறந்துகொள்கின்றன. அக்கதவினூடே நுழைந்தவர் செய்தது எதுவோ அதுவே வரலாறு. 1916இல் சியர்ஸ், சிக்காகோவின் ஹார்மனி கிற்றார் நிறுவனத்தையும் விலைக்கு வாங்கி, 1940 வரை வைத்திருந்தது என்பதையும் இவ்விடத்திற் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒஸ்கார் சிமிற் பொருளாதார மந்தத்தில் நொடித்தபின் ஸ்ரெல்லாச் சின்னம் 1939இல் ஹார்மனியின் கைக்கே சென்றது.

நுழைந்தவர்கள் செய்ததென்ன? ஜோர்ஜியா மாநிலத்தின் அற்லாண்டா நகர், 1920களில் பன்னிரு தந்திக் கிற்றாருக்குத் தாயகம் போல விளங்கிற்று. அங்கு இறைச்சி வாட்டும் கடையில் வேலைசெய்த ரொபேர்ட் ஹிக்ஸ் என்பவரை, கொலம்பியா நிறுவனம் 1927இல் ‘பார்பெக்யூ பொப்’ என்ற பெயரில் இசைத்தட்டில் ஏற்றி, சமையற்காரரின் வெள்ளை உடையில் படம்பிடித்து விளம்பரம் செய்தது. அதே ஆண்டில் இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கிய பிளைண்ட் வில்லி மக்டெல் பார்வையற்றவர். விருந்துகளிலும் வாகனங்கள் நிற்கும் உணவகங்களிலும் பாடிப் பிழைத்தவர். லூசியானாவிற் பிறந்து டெக்சாஸில் அலைந்த ஹடி லெட்பெற்றர், அதாவது லெட் பெல்லி, டலஸ் நகரில் பிளைண்ட் லெமன் ஜெபர்சனோடு திரிந்து பாடியவர். அவரது கையிலிருந்ததும் ஸ்ரெல்லாவே. அவர் தந்திகளை வழக்கமான சுருதியினின்றும் வெகுவாகத் தாழ்த்தி வைத்தார். தாழ்த்தாவிடின் அம்மலிவுக் கருவி உடைந்துபோகும். தாழ்த்தியதாலோ அடித்தந்திகளுக்குப் பாரமான முழக்கம் வாய்த்தது. பெருவிரலால் அவர் எழுப்பிய அம்முழக்கமே பின்வந்தோர் இக்கருவிக்கு இயல்பானதெனக் கொண்ட ஒலி. இதைக் கூறுவதனால் கலையைப் பொருளாதாரத்தின் நேர்விளைவாக நாம் காட்டுகிறோம் என எவரும் கருத வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒத்த கருவியை வைத்திருந்த மக்டெல், விரல்நுனியால் இலேசாகவும் துள்ளலாகவும் வாசித்தார். கருவியின் வறுமை எல்லையை வகுக்கும். எல்லைக்குள் ஆடுவது ஆளுமை.

இக்கலைஞர்களை ஆவணப்படுத்தியோர் வரலாறு தனியே ஆராயத்தக்கது. நாட்டார் பாடல் திரட்டுநரான ஜோன் லோமக்ஸ் தம் மகன் அலனுடன் 1933இல் லூசியானாவின் அங்கோலாச் சிறையில் லெட் பெல்லியைப் பதிவு செய்தார். மறு ஆண்டு விடுதலையானவரை வடக்கே அழைத்துச் சென்றார். 1935இற் செய்தித் திரைப்படமொன்றில் லெட் பெல்லி தமது சிறை வாழ்வைச் சிறையுடையில் மீண்டும் நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. நிகழ்ச்சி வருவாயின் பெரும்பகுதி ஒப்பந்தப்படி லோமக்ஸ் தரப்புக்குச் சென்றது. அவ்வாண்டே இருவரும் பிரிந்தனர். 1940இல் அற்லாண்டாவின் ஹோட்டல் அறையொன்றில் மக்டெல்லைப் பதிவு செய்தபோது, முறைப்பாட்டுப் பாடல்கள், அதாவது தம் மக்களின் நிலையைக் குறைகூறும் பாடல்கள், உண்டா என லோமக்ஸ் திரும்பத் திரும்ப வினவியதை அப்பதிவிலேயே கேட்கலாம். மக்டெல் நழுவிவிடுகிறார். ஜோர்ஜியாவில், வெள்ளையர் அறையில், இயந்திரத்தின் முன் அத்தகைய பாடல் தம்மிடம் இல்லையென்பதே ஒரு கறுப்பினப் பாடகர் தரக்கூடிய புத்திசாலித்தனமான விடை. அம்மௌனத்தை எதிர்ப்பின்மைக்குச் சான்றாகக் காட்டிய ஆய்வாளரும் இருந்தனர்!

லெட் பெல்லியை வேறொரு கண்கொண்டு நோக்கியவர்கள் நியூயோர்க் இடதுசாரிகள். 1937இல் கம்யூனிஸ்ட் நாளேடான ‘டெயிலி வேர்க்கர்’இல் எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் அவரைப் பற்றி எழுதினார். வோஷிங்ரனில் தங்குமிடம் மறுக்கப்பட்ட அனுபவத்திலிருந்து லெட் பெல்லி ‘பூர்ஷ்வா புளூஸ்’ என்னும் பாடலை ஆக்கினார். தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். எனினும் அவர் வறியவராகவே 1949 டிசம்பரில் மறைந்தார். அவர் பாடிப் பரப்பிய ‘குட்நைற் ஐரீன்’, 1950இல் வீவர்ஸ் குழுவினரின் குரலில் நாட்டின் முதலிடத்தை அடைந்தது. பாடலின் உரிமையில் ஜோன் லோமக்ஸின் பெயரும் இருந்தது.

பின்னர் நடந்தது நாட்டார் இசை மறுமலர்ச்சி எனப்படுவது. வீவர்ஸ் குழுவின் பீற் சீகர் பன்னிரு தந்திக் கிற்றாரை மாணவரிடையே பரப்பினார். 1963 தொடக்கத்தில் ரூஃப்ரொப் சிங்கர்ஸ் குழுவினர் அக்கருவியுடன் பாடிய ‘வாக் ரைற் இன்’ முதலிடம் பெற்றது. அப்பாடலை 1929இற் பதிவு செய்த கஸ் கனன், அதற்குச் சற்று முன்னர்தான் வீட்டுக்குச் சூடேற்றும் செலவுக்காகத் தமது பான்ஜோவை அடகுவைத்திருந்தார். கிப்சன், கில்ட், மார்ட்டின் ஆகிய நிறுவனங்கள் பன்னிரு தந்திக் கருவிகளைச் சந்தைக்கு விட்டன. ஹார்மனி மலிவான ஸ்ரெல்லாக்களைத் தள்ளிற்று. ‘ஹூற்றனனி’ என்ற சொல்லின் கதை இக்காலத்தை நன்கு காட்டும். 1941இல் சீற்றில் நகரத்து இடதுசாரிகள் தம் நிதிதிரட்டும் கூடல்களுக்கு இட்டிருந்த பெயரை சீகரும் வூடி கத்ரியும் நியூயோர்க்கிற்குக் கொண்டுவந்தனர். 1963இல் அதே பெயரில் ஏ.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கிற்று; அதில் சீகருக்கு இடமில்லை, அவர் கம்யூனிஸ்ட் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர். அடுத்து அச்சொல் ஜேர்மனியின் பிராமுஸ் நிறுவனத்து பன்னிரு தந்திக் கிற்றார் ஒன்றின் மாதிரிப் பெயராயிற்று. பிராமுஸ், போருக்குப்பின் ஷோன்பாக் என்னும் ஊரினின்று வெளியேற்றப்பட்ட கருவி செய்வோரைப் பவேரியாவிற் குடியமர்த்தி வேலையளித்த நிறுவனம். அக்கிற்றார்களுள் ஒன்றை ஜோன் லெனன் வாங்கினார், 1965இல் ‘ஹெல்ப்!’ இசைத்தட்டுக்கு வாசித்தார். பின் கைமாறிய அது இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணிற் கிடந்து, 2024 மே மாதம் நியூயோர்க் ஏலத்தில் ஏறத்தாழ 28.5 இலட்சம் டொலருக்குப் போயிற்று. அகதிகளான கைவினைஞரின் உழைப்பு அவ்விலையில் எத்தனையில் ஒரு பங்கு?

இனி இன்றைய சந்தை. 1995இற் தோன்றிய ஈபேயும் 2013இற் தொடங்கிய ரிவேர்பும் பழைய கிற்றார் வாணிகத்தை இணையத்திற்குக் கொணர்ந்தன. சியர்ஸும் ஹார்மனியும் இருந்த சிக்காகோவிலேயே ரிவேர்பும் பிறந்தது. 2019இல் எற்சி நிறுவனம் 27.5 கோடி டொலருக்கு அதனை வாங்கிற்று. இரண்டாவது தபால் வாணிகம் என இதனைக் கூறின் தவறாகாது. வேறுபாடு யாதெனில், முன்னையது புதிய மலிவுப் பண்டத்தை வறியவரிடம் அனுப்பிற்று. பின்னையது வறியவர் விட்டுச்சென்ற பண்டத்தை வசதியுள்ளோரிடம் அனுப்புகின்றது.

வாங்குவோர் காண்பது நிழற்படங்களை. மெருகின் பளபளப்பு அதிலே தெரியும். கழுத்தின் கோணமும், மெட்டுகளுக்கு மேலே தந்தி நிற்கும் உயரமும், உட்சட்டம் விட்டுப்போயிருப்பதும் எளிதில் தெரியா. பன்னிரு தந்திக் கருவியிலோ இவையே உயிர்நிலை. கழுத்தைக் கழற்றி மீண்டும் பொருத்தும் கூலி, 1960களின் ஹார்மனி ஸ்ரெல்லா ஒன்றின் விலையையே விஞ்சிவிடுவதுண்டு; ஆதலால் அவை பல திருத்தப்படாமற் கழிகின்றன. ஒஸ்கார் சிமிற் காலத்துக் கருவிகளுக்கு மட்டுமே அவ்வுழைப்பைச் செலவிடுவது ‘கட்டுப்படியாகும்’. மரமும் ஒரு தடை. பிரேசில் ரோஸ்வூட் 1992 முதல் சைற்றிஸ் உடன்படிக்கையின் கடுமையான பட்டியலில் உள்ளது. அம்மரத்தாலான கருவி அனுமதிப்பத்திரமின்றி எல்லை கடக்கலாகாது. மார்ட்டின் நிறுவனம் 1969 அளவிலேயே அதனை விட்டுத் தென்னிந்திய மலைக்காடுகளின் ஈட்டி மரத்திற்கு மாறியது. அம்மரமும் அருகி, தமிழ்நாட்டரசு 1994இல் அதன் பாதுகாப்புக்கெனவே சட்டமியற்ற நேர்ந்தது. பேர்ச் மரத்து ஸ்ரெல்லாவுக்கு இத்தொல்லை எதுவுமில்லை.

சேகரிப்போரைப் பழிப்பது எமது நோக்கமன்று. அவர்களில்லையேல் இக்கருவிகளுட் பல அடுப்பெரித்திருக்கும். ஏணிச்சட்ட அமைப்பின் ஒலித்தன்மையை உணர்ந்து இன்று புதிதாகச் செய்வோரும் அவர்கள் திருத்தி வைத்த பழைய கருவிகளைப் பார்த்தே கற்றனர். ஆயின் அவர்களது மதிப்பீட்டுச் சொற்களைக் கூர்ந்து வாசிக்க வேண்டும். ‘முற்றிலும் மூலப்படி’ என்பதே உயர்ந்த சொல். பெயர்ந்த குதிரையை இரும்பு ஆணியால் முடுக்கியது, பிளந்த பக்கத்தை ஆசாரிப் பசையால் ஒட்டியது, கழன்ற பிரடைக்கு வேறொரு கருவியின் பிரடையைப் பூட்டியது யாவும் குறைகளாகப் பட்டியலிடப்பட்டு விலை குறைக்கப்படுகின்றது. லெனனின் கிற்றாரிலோ மரத்தின் வரிகளையும் தேய்வுகளையும் பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டு, அவையே சான்றெனக் கொள்ளப்பட்டன. பெயரறியாத ஒருவர் சனிக்கிழமை இரவுக் கூத்துக்கு முன் கருவியை எப்படியேனும் பேசவைக்க அறைந்த ஆணி, குறை என்னும் நிரலில் நிற்கின்றது.