வளைந்த உலோகத்தில் எழுதியவர்கள்



சென்ற ஆசிரியர் தினத்துக்கு தரம் 8 பிள்ளைகள் காசு சேர்த்து எனக்கு ஒரு சுடுதண்ணிப் போத்தல் தந்தார்கள். கறுப்பு நிறம். நடுவில் என் பெயர், அதற்கு மேலே அரபியில் 'பிஸ்மில்லாஹ்'. லேசரால் வெட்டியது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். வீட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் நெஞ்சு சுருக்கென்றது. பா தனியாக, ஸீன் தனியாக, மீம் தனியாக நிற்கின்றன. அதுவும் இடமிருந்து வலமாக. அதை யாராலும் பிஸ்மில்லாஹ் என்று வாசிக்க முடியாது.

வெட்டிக் கொடுத்தவர் என்னிடம் படித்த ஒரு தம்பி. அடுத்த நாள் போனேன், சண்டை பிடிக்க அல்ல. "சேர், அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன். எழுத்த வாசிச்சுப் பாக்கல்ல" என்றார். பிறகு மெசினை ஓட்டிக் காட்டினார். அன்று பார்த்ததும், அதன் பிறகு தேடி வாசித்ததும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேசர் ஒளி ஒரு புள்ளியில் குவிந்து, போத்தலின் மேற்பூச்சை எரித்து நீக்குகிறது. உள்ளே இருக்கும் ஸ்டீல் வெள்ளையாகத் தெரிகிறது. தட்டையான பலகையில் இது இலகு. போத்தலில் அப்படியல்ல. பக்கவாட்டில் நகர நகர அதன் உடல் வளைந்து கீழே போகிறது. ஒளி குவியும் இடம் தவறிவிட, கோடு தடித்து மங்கும். அதனால் போத்தலை ஒரு முனையில் கவ்விப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுகிறார்கள். வேலை நடக்கும் இடம் எப்போதும் லேசருக்கு நேர் கீழேயே இருக்கும்.

இதற்கு மெசினுக்குப் போத்தலின் விட்டத்தைச் சொல்ல வேண்டும். விட்டம் 7 சென்ரிமீற்றர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 22. நாம் பள்ளியில் பாடமாக்கிய அதே 22/7. தவறுதலாக 8 என்று கொடுத்தால் மெசின் குறைவாகச் சுழற்றும். 8 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வர வேண்டிய பெயர் 7க்குள் நசுங்கிவிடும்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். அந்த மெசின் சுழல்வதைப் பார்த்தபோது எனக்கு மௌஸில் நகரம்தான் ஞாபகம் வந்தது.

இன்றைய ஈராக்கில் உள்ள மௌஸில், 13ஆம் நூற்றாண்டில் பித்தளையில் வெள்ளி பதிக்கும் வேலைக்குப் பெயர் போன ஊர். அந்தக் காலத்துக் கெண்டி ஒன்று இப்போது லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 30 சென்ரிமீற்றர் அளவுதான். உடல் முழுவதும் வேட்டை, பயணம், அரண்மனை வாழ்க்கை என்று சிறு சிறு காட்சிகள், கொடிகள், எழுத்துக்கள். கழுத்துப் பகுதியில் செய்தவர் தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்: ஷுஜாஃ இப்னு மன்ஆ. ஊர் மௌஸில், மாதம் ரஜப், ஹிஜ்ரி 629, அதாவது கி.பி. 1232. மௌஸில் வேலை என்று சொல்லப்படும் பாத்திரங்கள் பல உண்டு. ஆனால் மௌஸிலிலேயே செய்யப்பட்டது என்று தன்மேல் எழுதியிருப்பதாக நமக்குத் தெரிந்தது இந்தக் கெண்டி ஒன்றுதான்.

அந்த வேலை எப்படி நடந்தது? முதலில் வடிவத்தைக் கீற வேண்டும். பிறகு சிற்றுளியால் பித்தளையைக் குடைந்து, குழியின் ஓரங்களை உட்பக்கமாகச் சரித்து வெட்ட வேண்டும். அதற்குள் மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்துத் தட்டினால், ஓரம் அதைக் கவ்விக்கொள்ளும். ஒட்டுவதற்குப் பசை தேவையில்லை. ஒரு கை பாத்திரத்தைத் திருப்ப, மறு கை உளியைப் பிடிக்கும். கழுத்தைச் சுற்றி ஓடும் ஒரு வரி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். இடம் மிஞ்சினாலும் குறைந்தாலும் அழித்து எழுத முடியாது. சுற்றளவையும் எழுத்தின் அகலத்தையும் வேலைக்கு முன்பே மனதில் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

கெண்டியை விடக் கடினமானது உருண்டை. போத்தலைச் சுற்றித் தாளை ஒட்டலாம். ஒரு தோடம்பழத்தைத் தாளால் சுற்றிப் பாருங்கள், எங்காவது கசங்கியே தீரும். தட்டையில் வரைந்ததை அப்படியே உருண்டைக்கு மாற்ற முடியாது. அப்படியிருக்க, வானத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக உலோக உருண்டையில் பதித்தவர்கள் இருந்தார்கள்.

அதற்கான வழியை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி. உருண்டையை இரண்டு முனைகளில் பொருத்தி, பாகைகள் குறித்த வளையத்தைச் சுற்றிலும் திருப்பி, நட்சத்திரம் நிற்க வேண்டிய இடத்தில் புள்ளி வைப்பது அவர் சொன்ன முறை. 'அல்மஜஸ்தி' என்று நாம் அறியும் அவரது நூல் 9ஆம் நூற்றாண்டில் அரபிக்கு வந்தது. அளவுகோலும் பொருளும் ஒன்றையொன்று சுற்றித் திரும்ப, சரியான இடத்தில் அடையாளம் விழுகிறது. நான் கடையில் பார்த்ததும் இதைத்தான்.

964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு படங்கள். ஒன்று, நாம் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது. மற்றது, உருண்டையின் மேல் தெரிவது. ஏன் இரண்டு? நாம் வானத்துக்கு உள்ளே நின்று பார்க்கிறோம். உருண்டையைக் கையில் வைத்திருப்பவர் வெளியே நின்று பார்க்கிறார். இடமும் வலமும் மாறிவிடும். இதைக் கவனிக்காமல் வெட்டினால் வானமே தலைகீழாகிவிடும். ஆயிரம் வருடங்களுக்கு முன்பு இதை யோசித்து இரண்டாவது படத்தையும் வரைந்த மனிதரின் கவனத்தை நினைத்துப் பாருங்கள். என் போத்தலில் இடம் வலமாகியிருந்ததும் ஞாபகம் வரும்.

11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வலென்சியாவில் இப்ராஹிம் இப்னு ஸயீத் என்பவர் தன் மகன் முஹம்மதுடன் சேர்ந்து செய்த வான உருண்டை இன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருக்கிறது. மௌஸிலைச் சேர்ந்த முஹம்மது இப்னு ஹிலால் ஹிஜ்ரி 674இல் செய்தது லண்டனில் இருக்கிறது. நட்சத்திரங்கள் அதில் வெள்ளிப் புள்ளிகள்.

பின்னர் இந்தக் கலை நம் பக்கத்துக்கே வந்தது. முன்பெல்லாம் இரண்டு அரை உருண்டைகளைச் செய்து பொருத்துவார்கள். முகலாயர் காலத்தில் மெழுகு அச்சு முறையில், பொருத்தே இல்லாமல் முழு உருண்டையாக வார்த்தார்கள். அறியப்பட்டவற்றில் மிகப் பழையது அலீ காஷ்மீரீ இப்னு லுக்மான் ஹிஜ்ரி 998இல் செய்தது. லாகூரில் அல்லாஹ்தாத் என்பவரின் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்த வேலையைச் செய்தது. 19ஆம் நூற்றாண்டில் அதே லாகூரில் இதைத் தொடர்ந்தவர்களில் ஒருவர் லாலா பல்ஹூமல் என்ற இந்துக் கைவினைஞர். அரபியிலும் எழுதினார், சமஸ்கிருதத்திலும் எழுதினார். கலை யார் கையில் உழைப்பு இருக்கிறதோ அவர் கைக்குப் போகும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். "இப்னுல் ஹைஸம் ஒளியைப் பற்றி எழுதினார், ஆகவே லேசரும் நாங்கள் கண்டுபிடித்ததுதான்" என்ற மாதிரியான பதிவுகள் நம் குழுக்களில் அடிக்கடி சுற்றுகின்றன. அது சரியில்லை. லேசருக்கு அடிப்படையான கருத்தை 1917இல் ஐன்ஸ்டைன் சொன்னார். முதல் லேசரை 1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் ஒளிரச் செய்தார். இன்று வெட்டும் வேலைகளுக்குப் பரவலாகப் பாவிக்கும் காபனீரொட்சைட்டு லேசரை 1964இல் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தில் பிறந்து அமெரிக்கா போன குமார் படேல். மௌஸில்காரர்களிடம் லேசர் இருக்கவில்லை. கிரேக்கரிடமிருந்து படித்ததை அவர்கள் மறைக்கவும் இல்லை. பொய்யான பெருமை அவர்களுக்குத் தேவையில்லை. உண்மையில் செய்ததே போதும்.

அவர்களிடம் இருந்ததும் நம்மிடம் குறைந்துபோனதும் வேறொன்று. ஷுஜாஃ வேலையை முடித்து அதில் தன் பெயரை வெட்டினார். பிழை இருந்தால் அது அவர் பெயரோடு 800 வருடம் நிற்கும். இப்போது அளவு பார்ப்பதும் சுழற்றுவதும் மெசினின் வேலையாகிவிட்டது. வாசித்துப் பார்ப்பது இன்னும் மனிதனின் வேலைதான். சில மென்பொருள்களுக்கு அரபி எழுத்துக்கள் ஒன்றோடொன்று சேரும் என்பதே தெரியாது. நமக்குத் தெரியும். ஐந்து வயதிலேயே மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். தெரிந்தும் பார்க்காமல் விட்டால் குற்றம் மெசினில் இல்லை. பிள்ளைகளிடம் தூக்கிக் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள், நான் உட்பட, யாருமே அந்த இடத்தில் நின்று வாசிக்கவில்லை.

அந்தத் தம்பி காசு வாங்காமல் வேறு போத்தல் வெட்டித் தந்தார். எரிந்த பூச்சைத் திரும்ப ஒட்ட முடியாதே! இப்போது அரபி எழுத்து வந்தால் எனக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுத்தான் பட்டனை அமத்துகிறார்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெட்டுவதற்கு முன் கடதாசியில் எடுத்து, ஓதத் தெரிந்த ஒருவரிடம் சத்தமாக வாசிக்கக் கொடுங்கள். மற்றவர்களிடம் இன்னொன்று: உம்மம்மாமார் காலத்துப் பித்தளைச் செம்பும் வட்டாவும் வீட்டில் இருந்தால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கும் முன் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக யாராவது ஒருவரின் பெயர் வெட்டியிருக்கும். அதையும் ஒரு மனிதர் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பித்தான் வெட்டியிருக்கிறார். படம் எடுத்து கீழே போடுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.

வஸ்ஸலாம்.