மறுப்பிலிருந்து தோன்றிய சந்தை: டோக்கியோ காமிக் மார்க்கெட் விழாவின் வளர்ச்சி (1975–2021)

ஆய்வுச்சுருக்கம்

காமிக் மார்க்கெட், இரசிகர்கள் தாமே வரைந்து அச்சிட்ட இதழ்களைத் தாமே விற்கும் விழாவாகும். டோக்கியோவில் 1975 இல் 32 குழுக்களுடன் தொடங்கிய இவ்விழா, 2019 டிசம்பரில் நான்கு நாட்களில் ஏறத்தாழ 7,50,000 வருகைகளைக் கண்டது. இவ்வளர்ச்சியை ஜப்பானிய மாங்கா, அனிமேத் தொழில்களின் வெற்றிக் கதையாக எழுதுவது வழக்கம். யாரையும் விலக்குவதில்லை என்ற தொடக்கக் கொள்கைக்கும், பெருகிய கூட்டமும் சட்டமும் கட்டாயப்படுத்திய விலக்கல்களுக்கும் இடையிலான நீண்ட இழுபறியாக அதனைப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: காமிக் மார்க்கெட், டோஜின்ஷி, இரசிகர் பண்பாடு, மாங்கா, பதிப்புரிமை.

முன்னுரை

டோஜின்ஷி என்ற ஜப்பானியச் சொல்லை ‘இரசிகர் இதழ்’ என்று பெயர்ப்பதைவிடச் ‘சிற்றிதழ்’ என்று பெயர்ப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒத்த கருத்துடையோர் கூடி வெளியிடும் இதழ் என்பதே அதன் நேர்ப்பொருள். அதன் வேர் மெய்ஜி கால இலக்கியக் குழுக்களில் உள்ளது; கென்யூஷா குழு 1885 இல் தொடங்கிய ‘கராகுதா புன்கோ’ அதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இலக்கியவாதிகளின் இவ்வடிவத்தை மாங்கா வாசகர்கள் எடுத்துக்கொண்டது மிகப் பின்னரே. ஒசாமு தெசுகா 1967 இல் தொடங்கிய ‘காம்’ என்ற திங்களிதழ், புதியவர்களின் படைப்புகளுக்கு இடமளித்து நாடெங்கும் இருந்த வாசகர் குழுக்களை ஒன்றோடொன்று இணைத்தது. 1970களின் தொடக்கத்தில் அவ்விதழ் நின்றபோது குழுக்கள் எஞ்சின. அவை சந்திக்கும் இடம் இல்லாமற் போயிற்று.

விலக்கப்பட்ட ஒருவரும் ஒரு கூட்ட அரங்கும்

அக்காலத்தில் மாங்கா இரசிகர்களுக்கு இருந்த பெரிய கூடுகை ‘நிஹோன் மாங்கா தைகாய்’ என்னும் மாநாடு. 1975 இல் அம்மாநாட்டைக் குறைகூறிய இரசிகை ஒருவருக்கு அதில் கலந்துகொள்ளும் அனுமதி மறுக்கப்பட்டது. ‘மெய்க்யூ’ என்ற மாங்கா விமர்சனக் குழு இதனை எதிர்த்தது. தெருவோ ஹராடா, யோஷிஹிரோ யோனேசாவா, ஜுன் அனிவா ஆகியோர் அக்குழுவின் முதன்மையானவர்கள். எதிர்ப்போடு நிற்காமல், எவருக்கும் கதவடைக்காத வேறொரு கூடுகையை அவர்கள் திட்டமிட்டனர். 1975 டிசம்பர் 21 அன்று டோரானோமோன் பகுதியில் உள்ள தீயணைப்புத் துறைசார் கட்டடம் ஒன்றின் கூட்ட அரங்கில் முதல் காமிக் மார்க்கெட் நடைபெற்றது. குழுக்கள் 32, வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர்.

வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவியர் என்பது விழாவின் சொந்தப் பதிவுகளிலேயே உள்ளது. மோட்டோ ஹாகியோ போன்றோர் எழுதிய பெண்களுக்கான மாங்காவின் வாசகியர் அவர்கள். இரசிகர் பண்பாடு என்றதும் ஆடவர் கூட்டத்தையே மனத்தில் காணும் பிற்கால ஊடகப் பழக்கம், இத்தொடக்கத்தை முற்றிலும் மறைத்துவிட்டது. காமிக் மார்க்கெட்டின் வரலாறு பெண் வாசகரின் வரலாற்றிலிருந்தே தொடங்கப்பட வேண்டும்.

வாடிக்கையாளர் இல்லாத சந்தை

இவ்விழாவின் அமைப்பில் ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. இதழ் விற்போர், வாங்க வருவோர், ஊதியமின்றிப் பணிபுரியும் தொண்டர் ஆகிய மூவகையினரும் ‘பங்கேற்பாளர்’ என்றே அழைக்கப்படுகின்றனர். இதனை வெறும் மரியாதைச் சொல்லாகக் கொள்ள இயலாது. வாடிக்கையாளர் குறை சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பங்கேற்பாளருக்கோ வரிசையைக் காக்கும் பொறுப்பும் உண்டு. காலையில் விழா தொடங்குவதாகவும் மாலையில் நிறைவுற்றதாகவும் ஒலிபெருக்கி அறிவிக்கும்போது அரங்கிலுள்ள அனைவரும் கைதட்டுவது வழக்கம். மேடையில் எவரும் இல்லாத நிலையில் எழும் அக்கைதட்டல் தம்மையே நோக்கியது எனலாம்.

சந்தை என்ற பெயர் இருப்பினும், பங்குபெறும் குழுக்களுள் பெரும்பாலானவை அச்சுக்கூலியைக்கூட மீட்பதில்லை. சிலவே குறிப்பிடத்தக்க வருவாய் ஈட்டுகின்றன. இழப்பு எனத் தெரிந்தே ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் மேசை கேட்டு விண்ணப்பிப்பதைத் தொழில் வெற்றியின் கணக்கைக் கொண்டு விளக்க முடியாது.

ஹருமி ஆண்டுகள்

1974 இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’வும் 1979 இல் வந்த ‘கண்டம்’ தொடரும் அனிமே இரசிகர்களைப் பெருந்திரளாக இவ்விழாவிற்குக் கொண்டுவந்தன. 1980 இல் யோனேசாவா பொறுப்பாளரானார். அடுத்த ஆண்டே அமைப்பாளர்களிடையே பிளவு ஏற்பட்டு ஒரு பிரிவினர் வெளியேறினர். விழா ஹருமியில் இருந்த பன்னாட்டுக் கண்காட்சி வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது.

1980களின் நடுப்பகுதியில் நிகழ்ந்த பெருக்கத்தை ஒரு தொடரின் பெயராலேயே சுட்டலாம்: ‘கேப்டன் சுபாசா’. சிறுவர்களுக்காக எழுதப்பட்ட அக்கால்பந்துக் கதையின் வீரர்களுக்கிடையே காதலைக் கற்பித்து இளம்பெண்கள் வரைந்த இதழ்கள் அரங்கை நிறைத்தன. எவருடைய கதையை எவர் எவ்வாறு படிக்கலாம் என்ற கேள்வியை எக்கோட்பாட்டு நூலின் துணையுமின்றி அவர்கள் நடைமுறையில் எழுப்பினர். குறைந்த எண்ணிக்கையிலும் ஆப்செட் முறையில் அச்சிட்டுத்தரும் அச்சகங்கள் பெருகியமை இதற்கான பொருளியல் அடித்தளமாயிற்று. பின்னாளில் புகழ்பெற்ற ‘கிளாம்ப்’ பெண் ஓவியர் குழுவும் டோஜின்ஷிக் குழுவாகத் தோன்றியதே. 1989 ஆகஸ்டில் வருகை ஓர் இலட்சத்தை எட்டியது.

இங்கு எண்ணிக்கை குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. வெளியிடப்படும் தொகை ஒவ்வொரு நாளின் வருகைகளையும் கூட்டிப் பெறப்படுவது. மூன்று நாட்களும் வந்த ஒருவர் மூவராகக் கணக்கில் இடம்பெறுகிறார். இத்தொகைகளை ‘இத்தனை பேர்’ என்று எழுதுவது பிழையாகும்.

மகுஹாரி மூடிய கதவு

1989 டிசம்பரில் விழா சீபா மாநிலத்தின் மகுஹாரி மெஸ்ஸே அரங்கிற்குச் சென்றது. அது கடினமான காலம். அவ்வாண்டு கைதான தொடர் குழந்தைக் கொலைக் குற்றவாளி ஒருவரின் அறையில் ஆயிரக்கணக்கான ஒளிநாடாக்கள் இருந்ததை ஊடகங்கள் மீண்டும் மீண்டும் காட்டியதால் ‘ஒதாகு’ என்ற சொல்லே வசையாக மாறியிருந்தது. 1991 தொடக்கத்தில் ஆபாச டோஜின்ஷிகளை விற்றதற்காகத் டோக்கியோ புத்தகக் கடையினர் கைதாயினர். இச்சூழலில் அவ்வாண்டுக் கோடை விழாவிற்கு அரங்கு தர மகுஹாரி மறுத்தது. விழா ஹருமிக்கே திரும்பியது.

விலக்கப்பட்டவருக்காகத் தோன்றிய விழா, தானே விலக்கப்பட்ட தருணம் இது. அதற்கு அமைப்பாளர்கள் கண்ட விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. புதிய இதழ் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரிப் பிரதியைப் பெறும் வழக்கம் முன்பே இருந்தது. 1991க்குப் பின்னர் அப்பிரதி சரிபார்ப்புக் கருவியாகவும் ஆயிற்று. கதவு திறக்குமுன் தொண்டர் மேசைதோறும் சென்று இதழைப் புரட்டி, பாலுறுப்புகள் சட்டம் கோரும் அளவிற்கு மறைக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்கின்றனர். இல்லையெனில் விற்பனை நிறுத்தப்படும். இதனைத் தணிக்கை என்போரும் உளர், தற்காப்பு என்போரும் உளர். அரசுத் தணிக்கையாளருக்குப் பதிலாகச் சக இரசிகர் அப்பணியைச் செய்வதால் அதன் இயல்பு மாறிவிடுவதில்லை என்றே கருதுகிறேன். எனினும் மறுபக்கமும் உண்டு. அவ்வாறு திரண்ட மாதிரிப் பிரதிகள், எந்த நூலகமும் தேடிச் சேர்த்திராத ஓர் ஆவணத் தொகுதியாயின. 2006 இல் யோனேசாவா மறைந்தபின், மெய்ஜி பல்கலைக்கழகத்தில் 2009 இல் திறக்கப்பட்ட அவர் பெயரிலான நூலகத்தில் அண்மை விழாக்களின் மாதிரிப் பிரதிகளை வாசிக்க முடிகிறது.

பிக் சைட்டும் பதிப்புரிமையும்

1996 கோடையிலிருந்து விழா பெரும்பாலும் டோக்கியோ பிக் சைட்டில் நடைபெறுகிறது. அவ்வாண்டு முதலே வணிக நிறுவனங்களுக்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டது. 2000களில் வருகை ஐந்து இலட்சத்தை எட்டியது. மூன்று நாள் விழாவில் ஏறத்தாழ 35,000 குழுக்களுக்கு இடமிருந்தது. விண்ணப்பங்களோ அதனினும் மிகுதி. ஆகவே குலுக்கல் வந்தது. தரம் பார்த்துத் தேர்வதில்லை என்பதில் பழைய கொள்கை நிற்கிறது. எனினும் மறுக்கப்படும் குழுவிற்கு மறுப்பு மறுப்பே.

பிறர் படைத்த கதைமாந்தரை வரைந்து விற்பது எவ்வாறு பொறுத்துக்கொள்ளப்படுகிறது? ஜப்பானில் பதிப்புரிமை மீறல், உரிமையாளர் முறையிட்டாலன்றி வழக்காகாத குற்றமாக இருந்தது. பதிப்பகங்கள் பொதுவாக முறையிடவில்லை. 1999 இல் ‘போகிமான்’ கதைமாந்தரைப் பாலியல் சித்திரிப்பாக வரைந்த பெண் ஒருவர் உரிமையாளரின் முறையீட்டால் கைதாகித் தண்டத்தொகை செலுத்தியது, இப்பொறுமை உரிமையன்று என்பதை உணர்த்திற்று. பசிபிக் கடந்த கூட்டாண்மை உடன்படிக்கைப் பேச்சின்போது முறையீட்டு நிபந்தனையே நீங்கிவிடும் அச்சம் எழுந்தது. மாங்கா ஓவியர் கென் அகாமட்சு உள்ளிட்டோர் இதற்கெதிராக இயங்கினர். 2018 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், மூலத்தை அவ்வாறே படியெடுத்து விற்கும் திருட்டுப் பதிப்பு போன்றவற்றிற்கு மட்டுமே நிபந்தனையை நீக்கியது; தழுவல் இதழ்கள் தப்பின. அந்நாளும் காமிக் மார்க்கெட் நடந்துகொண்டிருந்த நாளே.

2012, 2019, 2021

கொள்கைக்கு நேர்ந்த மிகக் கடுமையான சோதனை சட்டத்தால் வந்ததன்று. 2012 இலையுதிர்காலம் முதல் ‘குரோகோவின் கூடைப்பந்து’ தொடர்பான நிகழ்ச்சிகளுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவ்வாண்டு டிசம்பர் விழாவில் அத்தொடர்சார் குழுக்கள், ஏறத்தாழ 900, விலகிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன. அவர்கள் வரைந்ததில் எக்குற்றமும் இல்லை. ஒரு குழுவை விலக்குவதா, அனைவரையும் இடருக்குள்ளாக்குவதா என்ற நிலையில் அமைப்பாளர்கள் முன்னதைத் தெரிந்தனர். மிரட்டியவர் ஓராண்டிற்குப்பின் கைதானார். இம்முடிவை அமைப்பாளர்களின் கோழைத்தனம் என்று கூறுவது எளிது. அரங்கு உரிமையாளர், காவல்துறை, இலட்சக்கணக்கானோரின் உயிர் ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ண வேண்டிய தொண்டர் அமைப்பொன்றிற்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

ஒலிம்பிக் ஆயத்தப் பணிகளால் பிக் சைட்டின் ஒரு பகுதி கிடைக்காமற் போனதால், 2019 கோடையில் விழா முதன்முறையாக நான்கு நாட்களாக நீண்டது. அதுவரை கட்டணமற்றிருந்த நுழைவிற்குக் காசு கொடுத்து வாங்கும் மணிக்கட்டுப் பட்டை கட்டாயமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் விழாவே 7,50,000 வருகைகளைக் கண்ட உச்சம். 2020 மே விழா பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. நடவாத அவ்விழாவிற்கான விவரக்கையேடு மட்டும் அச்சாகி விற்பனைக்கு வந்தது. இரண்டாண்டுக்குப்பின், 2021 டிசம்பர் 30, 31 நாட்களில் 99 ஆவது விழா நடந்தது. நாளொன்றுக்கு 55,000 வருகைகளே ஏற்கப்பட்டன. முன்பதிவுச் சீட்டு இல்லாதோர் அரங்கிற்குள் அனுமதிக்கப்படவில்லை.