ஊரடங்குக் காலமும் நமது கரண்டைக் கால்களும்



கொரோனா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மாஸ்க், மூடிக் கிடந்த பள்ளிவாசல், எரிக்கப்பட்ட ஜனாஸாக்கள். அந்த நாட்களில் கரண்டைக்கால் முறிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாம் இன்னும் எழுதவில்லை.

2020 மார்ச் 18 பின்னேரம் புத்தளத்தில் ஊரடங்கு போடப்பட்டது. 20ஆம் திகதி முழு நாடும் அடங்கியது. ஏப்ரலில் பல மாவட்டங்களில் இடைக்கிடை தளர்த்தினார்கள். உயர் அபாய மாவட்டம் என்பதால் புத்தளத்துக்குத் தளர்த்தவில்லை.

மைதானமும் வீதியும் வெறிச்சோடியதால் பந்தடியிலும் மோட்டார் சைக்கிளிலும் கால் முறிவது குறைந்தது. பல நாட்டு வைத்தியசாலைகள் இதையே பதிவு செய்துள்ளன. ஆனால் வீட்டுக்குள் விழுவது நிற்கவில்லை. குளியலறையில் வழுக்கினார்கள், படியில் தவறினார்கள், ஏணியிலிருந்து விழுந்தார்கள். வந்த காயங்களில் வீட்டுக் காயங்களின் பங்கு கூடியது.

வைத்தியமும் மாறியது. சத்திரசிகிச்சைக் கூடங்களும் ஊழியர்களும் கொரோனாவுக்குத் தேவைப்பட்டதால், முடிந்தவரை சத்திரசிகிச்சை இல்லாமல் பிளாஸ்டரால் சமாளிக்கும்படி பிரித்தானிய எலும்பு வைத்தியர் சங்கம் அறிவுறுத்தியது. கிளினிக்குக்கு வராமல் தொலைபேசியில் விசாரிப்பதும் கூடியது.

நமக்கு இன்னொரு பயமும் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி, கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்றது. 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அந்தப் பத்து மாதமும், "ஆஸ்பத்திரிக்குப் போய் கொரோனா என்று சொல்லி, அங்கேயே மௌத்தானால் என்ன செய்வது?" என்ற அச்சம் நாடெங்கும் முஸ்லிம்களை வீட்டோடு கட்டிப் போட்டது. போக நினைத்தவர்களுக்கும் பாஸ் வேண்டும், வாகனம் வேண்டும். எண்ணெய் பூசி, துணி சுற்றி இருப்பதே பலருக்குக் கிடைத்த வைத்தியம்.

சாதாரண சுளுக்கு அதில் ஆறலாம். முறிந்து விலகிய கரண்டை அப்படி ஆறாது. 1976இல் ராம்சி, ஹாமில்டன் என்ற இருவர் செய்த ஆய்வில், கரண்டைக்குள் இருக்கும் எலும்பு வெளிப்புறமாக 1 மில்லிமீற்றர் விலகினாலே மூட்டு ஒன்றோடொன்று தொடும் பரப்பு 42 வீதம் குறைந்தது. உடம்பின் பாரம் முழுவதும் மிச்சமுள்ள சிறு இடத்தில் இறங்கும். சில வாரங்களில் எலும்பு கோணலாகவே பொருந்தத் தொடங்கிவிடும். பிறகு நேராக்குவது கஷ்டம். வருடங்கள் கழித்து மூட்டுத் தேய்ந்து வலி வரும். அத்தஹிய்யாத்தில் கால் மடிக்க முடியாமல் கதிரையில் தொழ வேண்டி வரும்.

வைத்தியசாலைப் பதிவேட்டைப் பார்த்தால் அந்த வருடம் காயம் குறைவு என்றுதான் தெரியும். போகாதவரின் பெயர் அதில் இருக்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வந்த கதையை மூத்தவர்கள் சொல்லித்தான் நாம் அறிந்தோம். இதையும் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அந்தக் காலத்தில் விழுந்த உங்கள் உம்மாவோ வாப்பாவோ இன்னும் நொண்டி நடந்தால், "வயசு" என்று விடாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள். இனி யாராவது விழுந்து, நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ, கரண்டை எலும்பை அமுக்கினால் நொந்தாலோ அன்றே கொண்டு போங்கள். 1992 முதல் உலகெங்கும் வைத்தியர்கள் எக்ஸ்ரே எடுப்பதா என்று தீர்மானிக்கப் பார்க்கும் முக்கிய அடையாளங்கள் இவை.

உங்கள் வீட்டில் நடந்ததைக் கீழே எழுதுங்கள். சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.