கறார் விலையும் கொள்முதல் கணக்கும்: குவேக்கர் வணிக அறம் பற்றி ஒரு மறுபார்வை

பத்து ஷில்லிங் என்று சொல்லிவிட்டு ஏழுக்குக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் முன்பே மனத்தில் முடிவு செய்திருந்தால், அந்தப் பத்து ஒரு பொய். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சபையினர் பேரத்தை இப்படித்தான் பார்த்தார்கள். சத்தியம் பண்ணக் கூடாது என்ற மலைப்பிரசங்கக் கட்டளையை அவர்கள் அப்படியே கைக்கொண்டார்கள். நீதிமன்றத்திலும் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள். அதற்காகவே அவர்களைத் தண்டிக்க 1662இல் ஒரு சட்டம் வந்தது. சாட்சிக் கூண்டில் ஒரு நாக்கு, கடையில் ஒரு நாக்கு இருக்கலாகாது என்ற அந்தப் பிடிவாதம் தராசுக்கு வந்தபோது கறார் விலையாயிற்று.

தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் விலகிப்போனதையும், சிறுபிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று தெரிந்தபின் கூட்டம் திரும்பி வந்ததையும் குவேக்கர் சபையைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். 'நேர்மை லாபம் தரும்' என்று சொல்பவர்கள் இன்றும் சான்றாகக் காட்டுவது இந்தக் கதையைத்தான். எனக்கு இது போதவில்லை. லாபமும் அறமும் ஒரே திசையில் நடக்கும்போது கடைக்காரர் எதன் பின்னால் போகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பயனுக்காகப் பேணும் நேர்மை, நேர்மையின் சாயல் மட்டும் போதுமான இடத்தில் அதோடு நின்றுவிடக்கூடும். பெஞ்சமின் ஃபிராங்க்ளினை ஆராய்ந்தபோது சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் கவனித்த சிக்கலும் இதுவே. கிறிஸ்தவ அறத்தின் உரைகல் விற்பனைக் கணக்கைவிடக் கொள்முதல் கணக்கில்தான் கிடைக்கும் என்பது என் வாதம். விற்கும்போது எதிரே நிற்பவரின் முகம் தெரிகிறது. வாங்கும் சரக்குக்குப் பின்னால் இருப்பவர் கண்ணில் படுவதில்லை.

முகம் தெரிந்த இடத்தில் குவேக்கர்கள் கடுமையாகவே நடந்துகொண்டார்கள். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவரைச் சபை விசாரித்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்தவரை விலக்கியும் வைத்தது. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன எலிசபெத் ஃப்ரையின் கணவர் ஜோசப்பின் வங்கி 1828இல் நொடித்தபோது, மனைவியின் புகழ்கூட அவரைக் காப்பாற்றவில்லை. தொழிலாளர் விஷயத்திலும் அப்படியே. 1879இல் குவேக்கர்களான கேட்பரி சகோதரர்கள் பர்மிங்காம் நகரின் நெரிசலை விட்டுத் தங்கள் சாக்லேட் தொழிற்சாலையைப் போர்ன்வில்லுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அங்கே தோட்டத்தோடு கூடிய வீடுகள் எழுந்தன.

அந்த ஆலையில் அரைபட்ட கொக்கோவில் பெரும்பங்கு போர்த்துகீசியர் ஆண்ட சாவோ டோமே தீவிலிருந்து வந்தது. 1901இல் அங்குள்ள தோட்டம் ஒன்றின் விற்பனை விவரம் வில்லியம் கேட்பரியின் பார்வைக்கு வந்தது. விலை குறிக்கப்பட்ட சொத்துக்களில் கூலியாட்களும் இருந்தார்கள். அங்கோலாவிலிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் கப்பலேற்றப்பட்ட அவர்களில் ஊர் திரும்பியவர்கள் அநேகமாக இல்லை. நிறுவனம் லிஸ்பனில் விசாரித்தது; 1905இல் ஜோசப் பர்ட் என்பவரை நேரில் பார்த்துவர அனுப்பியது; பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையோடு பேசியது. இடையில், 1906இல், இந்த அடிமை உழைப்பை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர் நெவின்சனின் நூல் வெளிவந்தது. கேட்பரி கொள்முதலை நிறுத்தியது 1909 மார்ச்சில். சரக்கு எட்டு ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தது.

இது பாசாங்கு என்று சொல்ல மாட்டேன். வாங்கிக்கொண்டிருக்கும்வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு, விலகினால் வேறொருவர் வாங்குவார் என்ற அவர்களின் வாதத்துக்கு எடை உண்டு. பாசாங்கு என்று எழுதிய 'ஸ்டாண்டர்டு' நாளிதழ்மீது தொடுத்த அவதூறு வழக்கிலும் அவர்களே வென்றார்கள். ஆனால் 1909 டிசம்பரில் பர்மிங்காம் ஜூரிகள் கொடுக்கச் சொன்ன இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு. நாளிதழின் வழக்கறிஞர் கார்சன் சாட்சிக் கூண்டில் நின்ற வில்லியம் கேட்பரியிடம் கேட்டது அந்த ஆண்டுகளில் மாண்டவர்களைப் பற்றி. தம் ஆலைப் பெண்களின் மதிய உணவுவரை யோசித்த ஒரு குடும்பத்திடம் அந்த எண்ணிக்கை இல்லை.

அவ்வளவு தொலைவைப் பார்ப்பது அந்தக் காலத்தில் முடியாத காரியம் என்பார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, அதே சபையைச் சேர்ந்த ஜான் உல்மன் அதைச் செய்திருக்கிறார். நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹோலியில் கடைச் சிப்பந்தியாக இருந்தபோது, ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதும்படி முதலாளி சொன்னார். வாங்குபவர் காத்திருந்தார், அவரும் குவேக்கர். உல்மன் எழுதினார். எழுதிய கையோடு, அடிமை வைப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று இருவர் முகத்துக்கு நேராகவும் சொன்னார். அந்தப் பத்திரத்தை எழுதியது பின்னாலும் அவரை உறுத்தியது. அதன்பின் அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையை விட்டார். தம் சொந்தக் கடை அளவுக்கு மீறி வளர்வதாகத் தோன்றியபோது வியாபாரத்தைத் தாமே சுருக்கித் தையல் வேலையோடு நின்றுகொண்டார். வளரும் கடையைச் சுருக்குவது எந்த லாபக் கணக்கிலும் சேராது. அதனால்தான் அதைச் சான்றாக ஏற்கிறேன்.

இன்னொரு முறை, பலத்த அடிபட்டுக் கிடந்த அண்டைவீட்டார் உயில் எழுதித் தரும்படி கேட்டார். உல்மன் குறிப்பு எடுத்துக்கொண்டு, அடிமைப் பெண்ணைப் பிள்ளைகளில் ஒருவருக்கு விடும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினார். அதைப் படுக்கையருகே கொண்டுவந்து, இந்த ஒரு பகுதியை என் கையால் எழுத முடியாது என்றார். கூலியும் வேண்டாம் என்றார். அந்தப் பெண்ணை விடுதலை செய்ய அவர் சம்மதித்த பிறகே உல்மன் உயிலை எழுதி முடித்தார்.