எடைக்குப் போகாமல் தப்பிய பொங்கல் வாழ்த்துகள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது தாத்தாவின் தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு கட்டு பொங்கல் வாழ்த்து அட்டைகள். "பழைய பேப்பர்காரருக்குப் போட்டுரு" என்றார் அம்மா. போடும் முன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், அன்றைக்கு வெள்ளையடிப்பு நின்றுவிட்டது!

முதலில் கொஞ்சம் வரலாறு. அச்சடித்த வாழ்த்து அட்டைக்கு ஒரு குளிர்காலப் பண்டிகையோடும் பழைய தொடர்பு உண்டு. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, ஏறக்குறைய ஆயிரம் கிறிஸ்துமஸ் அட்டைகள் அச்சடித்தார். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். அங்கே 1840 முதல் ஒரு பென்னிக்குக் கடிதமே அனுப்ப முடிந்தது. அதாவது, தபால் செலவைவிட அட்டை 12 மடங்கு விலை! சாதாரண ஜனங்கள் எப்படி வாங்குவார்கள்? அச்சும் மலிவாக வேண்டும், தபாலும் மலிவாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வாழ்த்து அட்டை வீடு வீடாகப் போகும்.

நம் ஊரில் தபால் முதலில் மலிவானது. 1879-ல் காலணாவுக்கு அஞ்சலட்டை வந்தது. மலிவான அச்சுக்குப் பிறகு சிவகாசி வந்தது. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை நமக்குத் தெரியும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த அச்சகங்கள்தான் காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் கை கொடுத்தன. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் சிவகாசி காலண்டர் வழியாக எல்லார் வீட்டுச் சுவருக்கும் வந்தது இப்படித்தான்.

அரசியலும் சேர்ந்துகொண்டது. திராவிட இயக்கம் பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னிறுத்தியது. மதம் பார்க்காமல் யாரும் யாருக்கும் அனுப்பக்கூடிய வாழ்த்து அது. சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் மாறியதே 1969 ஜனவரி 14, பொங்கலன்றுதான். அட்டைகளில் பானை, கரும்பு, மாடுகளோடு எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வந்து நின்றார்கள்.

சரி, தாத்தாவின் பெட்டிக்கு வருவோம்.

அந்த அட்டைகளில் யாருமே தேதி எழுதவில்லை. முத்திரை எல்லாம் மை இழுகிக் கிடக்கிறது. படத்தை வைத்து வருடம் சொல்ல முடியாது, பானையும் கரும்பும் எல்லா வருடமும் ஒன்றுதான். ஆனால் முகவரி சொல்லும்! பின்கோடு அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15. ஆகவே திண்டுக்கல் பக்கத்து '624'-ல் தொடங்கும் எண் இருந்தால் அது அதற்குப் பிந்தியது. 'மதுரை மாவட்டம்' என்று இருந்தால் பெரும்பாலும் 1985-க்கு முந்தியது. அந்த வருடம்தான் திண்டுக்கல் தனி மாவட்டமானது.

தாத்தாவும் அவர் தம்பியும் பாகப்பிரிவினைக்குப் பிறகு சாகும்வரை ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லும் கதை. பாகப்பத்திரத்தில் இருக்கும் வருடம் 1970.

பெட்டியில் இருந்த ஓர் அட்டையில் உழவு மாடு படம். பின்னால் தாத்தா பெயர், எங்கள் ஊர், மதுரை மாவட்டம், பின்கோடு. வாழ்த்து அச்சடித்தது. கையால் எழுதியது ஒரே வார்த்தை: 'தம்பி'.

பின்கோடு இருக்கிறது. அப்படியென்றால் 1972-க்குப் பிறகு வந்தது. பேச்சு நின்று குறைந்தது இரண்டு வருடம் கழித்து!

அப்பத்தாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே உங்க தாத்தா" என்றார். தாத்தா பதில் போட்டாரா என்று தெரியவில்லை. ஆனால் எடைக்குப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு என் செல்போனுக்கு வந்த பானைப் படங்களை எண்ணவே முடியவில்லை. முக்கால்வாசி யாரோ யாருக்கோ அனுப்பியது. மறுநாள் இடம் பத்தவில்லை என்று எல்லாவற்றையும் நானே அழித்துவிட்டேன்.

அந்த மாட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு சின்ன தாத்தா வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம் என்றிருக்கிறேன். அவர் இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கேயும் ஒரு பரண் இருக்கும் அல்லவா?