63 டிஸ்ப்ளேயும் ஒரு நார்வேக்காரரும்

போன் கண்ணாடியில கீறல் விழுந்தா டூத்பேஸ்ட் தடவித் தேய்ங்க, சரியாயிடும்னு ஒரு கைவைத்தியம் ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. பேக்கிங் சோடா, சமையல் எண்ணெய்னு ஆளாளுக்கு ஒரு மருந்து வேற. போற போக்கைப் பார்த்தா மஞ்சள் பத்து போடச் சொன்னாலும் சொல்லுவாங்க :). இதெல்லாம் ஏன் வேலைக்கு ஆகாதுன்னு தேடப் போனதில், அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது, அதை நாமே கழற்றி மாட்டுகிற வசதி எப்படிக் கைநழுவிப் போச்சு என்று ஒரு பெரிய கதையே மாட்டியது. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கதை போனில் ஆரம்பிக்கவில்லை. 1952-ல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியில் டான் ஸ்டுக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டை உலையில் வைத்தார். 600 டிகிரிக்குப் போக வேண்டிய உலை கோளாறாகி 900-க்குப் போய்விட்டது. உருகிக் கூழாகியிருக்கும் என்று திறந்து பார்த்தால், பால் வெள்ளையில் ஒரு தகடு. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை, குதித்தது! பின்னால் அடுப்பில் வைக்கிற வெள்ளைப் பாத்திரமாக உலகம் முழுக்க விற்றது இந்தச் சரக்குதான். அதற்கப்புறம் கண்ணாடியை இன்னும் எப்படியெல்லாம் வலுவாக்கலாம் என்று ஒரு தனி ஆராய்ச்சியே நடந்து, 1962-ல் 'கெம்கார்' என்ற பெயரில் புதுக் கண்ணாடி ஒன்றை அறிவித்தார்கள். இன்றைய கொரில்லா கிளாஸுக்குத் தாத்தா இவர்தான்.

இதன் சூட்சுமம் ரொம்ப எளிது. கண்ணாடிக்குள்ளே சோடியம் அயனிகள் இருக்கும். அதைச் சுமார் 400 டிகிரியில் உருக்கிய பொட்டாசியம் உப்பில் முக்கி வைத்தால், மேற்பரப்பில் இருக்கிற சோடியம் வெளியே போய், அந்த இடத்தில் பொட்டாசியம் வந்து உட்காரும். பொட்டாசியம் சைஸில் பெரியது. டவுன் பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் ஒல்லிப்பிச்சான் எழுந்து போன இடத்தில் ஒரு குண்டு ஆசாமி வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? மற்ற ரெண்டு பேரும் நசுங்குவார்கள் இல்லையா? அதே மாதிரி கண்ணாடியின் மேல்தோல் முழுக்க நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். விரிசல் என்பது கண்ணாடி விலகிப் பிளப்பது. ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு நிற்பதை விலக்க அதிக பலம் தேவை. அவ்வளவுதான் மேட்டர்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்த நெருக்கடித் தோலின் ஆழம் சில பத்து மைக்ரான்தான், தலைமுடித் தடிமனை விடக் குறைவு. ஒரு கீறல் இந்தத் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அடுத்த தடவை போன் விழும்போது பிளவு அங்கிருந்துதான் கிளம்பும். டூத்பேஸ்ட் கீறலை அடைக்காது. அதில் இருப்பது நுண்ணிய அரம் மாதிரியான பொடி. பல் மேல் இருக்கிற கறையைச் சுரண்டுகிற அதே பொடி, கண்ணாடி மேல் கைரேகை ஒட்டாமல் இருக்கப் பூசியிருக்கிற மெல்லிய பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். (ஐபோனில் இந்தப் பூச்சு 2009-ல் 3ஜிஎஸ் மாடலோடு வந்தது.) கீறல் அப்படியே இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் புதுசாக ஒட்டும்.

கெம்காருக்கு அப்போது வாங்க ஆள் இல்லை. 1968-ல் டாட்ஜ் டார்ட், பிளிமத் பாரகுடா என்ற இரண்டு கார்களின் ரேஸ் மாடல்களில் எடை குறைய ஜன்னல் கண்ணாடியாகப் போட்டார்கள். மொத்தமே சொற்பமான கார்கள்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் மூட்டை கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

அங்கிருந்து 2007-க்கு ஒரே தாவு. ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய ஐபோனில் இருந்தது பிளாஸ்டிக் திரை. பாக்கெட்டில் சாவியோடு கிடந்தால் கோடு கோடாக விழுந்தது. ஜூன் 18-ல் "பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடி" என்று ஆப்பிள் அறிவித்தது. ஜூன் 29-ல் கடைக்கு வந்துவிட்டது. நடுவில் கென்டக்கி மாநிலத்து ஹாரட்ஸ்பர்க் என்கிற சின்ன ஊரில், எல்சிடிக்கான கண்ணாடி செய்துகொண்டிருந்த கார்னிங் ஆலை அவசர அவசரமாக இதற்கு மாறியது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஆராய்ச்சியைத் தூசி தட்டி எடுத்து ஓட்டிய வித்தையை என்னால் மெச்சாமல் இருக்க முடியவில்லை. நம்ம ஆபீஸில் நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதின கோடை இன்றைக்கு ஓட வைக்கவே நாக்குத் தள்ளுகிறது.

சாவிக்குத் தப்பியாச்சு. ஆனால் மணலுக்கு? மணலில் இருக்கிற குவார்ட்ஸ், கடினத்துக்கான மோஸ் அளவுகோலில் 7. போன் கண்ணாடி அதற்குக் கீழே. பீச்சுக்குப் போய் வந்த பாக்கெட்டில் போனைப் போட்டால் கீறல் விழுவது இதனால்தான். அப்புறம் டெம்பர்டு கிளாஸ் அட்டைப்பெட்டியில் '9எச்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்களே, அது மோஸ் கணக்கு என்று நினைத்து, வைரத்துக்கு அடுத்த படி என்று புல்லரித்துப் போகிறவர்கள் உண்டு. அந்த எச், பென்சிலின் எச்! 9எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்று அர்த்தம். பெயிண்ட் எவ்வளவு கெட்டி என்று பார்க்கிற சோதனை அது. அதற்காக அந்தக் கண்ணாடி வீண் என்று சொல்ல வரவில்லை. அதன் வேலையே நமக்குப் பதிலாகக் கீறல் வாங்குவதும் உடைவதும்தான். நூறு இருநூறு ரூபாய்க்கு உயிரைக் கொடுக்கிற அடியாள் வேறெங்கே கிடைப்பான்?

இனிதான் முக்கியமான கட்டம்.

2008-ன் ஐபோன் 3ஜியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே ரெண்டு திருகாணி, மேலே ஒரு ரப்பர் உறிஞ்சி, இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே கேபிள்களில் 1, 2, 3 என்று நம்பரே போட்டிருக்கும். டச் கண்ணாடி தனி, எல்சிடி தனி. கண்ணாடி மட்டும் உடைந்தால் கண்ணாடி மட்டும் வாங்கி, பொறுமை இருந்தால் வீட்டு மேஜையிலேயே மாற்றலாம். 2010-ல் ஐபோன் 4 வந்தது. கண்ணாடியையும் எல்சிடியையும் பசை போட்டு ஒரே பலகையாக ஒட்டிவிட்டார்கள். அதுவும் போதாது என்று, திரையைக் கழற்ற வேண்டுமானால் பின்பக்கம் திறந்து மொத்த போனையும் பிரித்து முடித்து, கடைசியாகத்தான் திரைக்கு வர முடியும்.

இதைச் சதி என்று சொல்லிவிட முடியாது. நடுவில் காற்று இடைவெளி போனதால் வெளிச்சம் எதிரொளிப்பது குறைந்தது, தூசி உள்ளே போவது நின்றது, போன் மெலிந்தது, படம் கண்ணாடி மேலேயே ஒட்டின மாதிரி தெரிந்தது. 2012-ல் ஐபோன் 5-ல் திரையை முதலில் கழற்றுகிற மாதிரி வடிவமைப்பைத் திருத்தவும் செய்தார்கள். ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான். மேல் கண்ணாடி உடைந்தாலும், கீழே உயிரோடு இருக்கிற டிஸ்ப்ளேயையும் சேர்த்து மாற்று என்பது வழக்கமானது. நம்ம ஊர் கடைகளில் 'காம்போ' என்கிறார்களே, அது.

இங்கேதான் சில்லறைக் கடைக்காரர்களின் மூளை வேலை செய்தது. உடைந்த திரையைச் சூடான தட்டில் வைத்து, பசை இளகியதும் மயிரிழை மாதிரி ஒரு கம்பியைக் கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேக்கும் நடுவில் விட்டு அறுத்துப் பிரிப்பார்கள். பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதுப் பசைத்தாள், புதுக் கண்ணாடி. காற்றுக் குமிழி இல்லாமல் வெற்றிட மெஷினில் அழுத்தினால் டிஸ்ப்ளேக்கு மறுபிறவி. ஷென்ஜெனில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. உலகம் முழுக்க உடைந்த திரைகளை விலைக்கு வாங்கி, கண்ணாடி மாற்றித் திருப்பி விற்றார்கள். நல்லா இருக்கிற டிஸ்ப்ளே குப்பைக்குப் போகவில்லை, போன்காரருக்கும் செலவு குறைவு.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் ஹென்ரிக் ஹூஸ்பி. நார்வேயில் ஷீ என்ற ஊரில் சின்ன ரிப்பேர் கடை. 2017-ல் அவருக்கு ஆசியாவிலிருந்து வந்த 63 திரைகளைச் சுங்கத்துறை பிடித்து வைத்தது. எல்லாம் ஐபோன் 6, 6எஸ் மாடல்களுக்கானவை. போலிச் சரக்கு என்று ஆப்பிள் வக்கீல்களிடமிருந்து கடிதம்: சரக்கை அழிக்கச் சம்மதித்து, சுமார் 3,500 டாலர் கட்டிவிட்டால் விட்டுவிடுகிறோம். பெரும்பாலான கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவர் மாட்டேன் என்றார்.

வழக்கு எதைப் பற்றி என்று பார்த்தால் சிரிப்பு வரும். திரையின் உள்பக்கப் பாகங்களில் ஆப்பிள் லோகோ இருந்தது, மையால் அடித்து மறைத்திருந்தார்கள். போனில் மாட்டிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை. அசல் ஐபோன் என்று அவர் விற்கவும் இல்லை. அழிக்கக்கூடிய மையால் மறைத்த லோகோ, லோகோதானா? இதுதான் கேள்வி. 2018-ல் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம் ஹூஸ்பி பக்கம் நின்றது. ஆப்பிள் மேல்முறையீடு போனது, 2019-ல் ஜெயித்தது. இவரும் விடவில்லை. 2020 ஜூனில் நார்வே உச்ச நீதிமன்றமும் ஆப்பிளுக்குச் சாதகமாகவே தீர்ப்பு சொன்னது. 63 திரை, மூன்று வருஷம், மூன்று கோர்ட்டு.

வர்த்தக முத்திரைச் சட்டம் என்று பார்த்தால் தீர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் புதுத் திரைகளைக் கடைகளுக்குத் தனியாக விற்க மறுத்துக்கொண்டே, பழையதைப் புதுப்பித்தாலும் குற்றம் என்றால் சின்னக் கடைக்காரன் எங்கே போவான்? எனக்கு இன்றுவரை ஹூஸ்பி பக்கம்தான் மனசு சாய்கிறது.

கோர்ட்டுக்கு வெளியே இன்னொரு பூட்டு, அது நம்ம துறை செய்த உபயம். 2016 பிப்ரவரியில் 'எரர் 53' என்ற பெயரில் வெடித்தது. வெளிக்கடையில் திரையும் ஹோம் பட்டனும் மாற்றிய ஐபோன் 6-கள், ஐஓஎஸ் அப்டேட் போட்டதும் செங்கல்லாகின. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுச் சரி செய்தது. ஆனாலும் ஆஸ்திரேலியாவில் குறைந்தது 275 பேரிடம் "வெளியே ரிப்பேர் செய்தீர்கள், அதனால் பரிகாரம் கிடையாது" என்று சொன்னதற்காக 2018-ல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. அதே 2018-ல் இன்னொரு அப்டேட்டில், வெளித் திரை மாட்டிய ஐபோன் 8-களில் டச் செத்தது. அடுத்த அப்டேட்டில் பிழைத்தது. 2021-ல் ஐபோன் 13: திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கிற வசதி போச்சு. பழைய திரையிலிருந்து ஒரு கடுகளவு சிப்பை மைக்ராஸ்கோப்பில் பெயர்த்துப் புதுத் திரையில் வைக்க வேண்டியிருந்தது. கூச்சல் எழுந்தது, டிசம்பரில் அதையும் விலக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் இதே டான்ஸ்தான்.

இது தொழில்நுட்பக் கட்டாயமா? ஹாலந்தின் ஃபேர்ஃபோன் 2015-லேயே தன் இரண்டாவது மாடலில், கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே திரையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து காட்டியது. தடிமனான போன், அழகில் சுமார்தான். ஆனால் முடியும்.

2022 ஏப்ரலில் ஆப்பிளும் அமெரிக்காவில், "வீட்டிலேயே ரிப்பேர் செய்துகொள்ளுங்கள்" என்று பாகங்களையும் கருவிகளையும் தர ஆரம்பித்தது. வாரம் 49 டாலர் வாடகை. ஒரு செய்தியாளர் குட்டியூண்டு ஐபோன் மினிக்குப் பேட்டரி மாற்றக் கருவி கேட்டதற்கு, ரெண்டு பெட்டியில் 36 கிலோ சாமான் வந்து இறங்கியது. கொலுப் பெட்டி கூட அவ்வளவு இருக்காது!

சட்டம் ஒருவழியாக அசைந்திருக்கிறது. பாகங்களை மென்பொருளால் பூட்டி வைக்கக்கூடாது என்று 2024-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் சட்டம் போட்டது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருஷத்துக்குத் திரை உள்ளிட்ட உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது விதி. இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்கு ஒரு இணையதளம் திறந்தது. கட்டாயப்படுத்தும் சட்டம் வரவில்லை. இத்தனைக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் போன் கண்ணாடி ஆலை போட, கார்னிங் கூட்டாளியாக இருக்கிற நிறுவனம் 2024-ல் தமிழக அரசோடு சுமார் ஆயிரம் கோடி ரூபாய்க்குக் கைகோர்த்திருக்கிறது.

கொசுறு: திரை உடைந்து, டச் மட்டும் இன்னும் வேலை செய்கிறதா? போனை அணைத்து, கண்ணாடித் தூளை ஊதாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அகலமான செலோடேப்பைக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். விரலும் பிழைக்கும், ஈரம் உள்ளே இறங்குவதும் கொஞ்சம் குறையும். கடைக்குப் போனதும் "கண்ணாடி மட்டும் மாத்துவீங்களா, காம்போதானா?" என்று முதலில் கேளுங்கள். பழைய காம்போவை அங்கேயே விட்டுவிட்டு வராதீங்க. உள்ளே டிஸ்ப்ளே உயிரோடு இருந்தால் அதற்கும் விலை உண்டு, கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.