புதிய அச்சுக்கலையும் அச்சுக்கோப்பாளரும்: யான் சிஹோல்ட் பற்றிய ஒரு மறுநோக்கு

நவீன வரைகலை வடிவமைப்பின் வரலாற்றை மாணவர் குழுவொன்று கருத்தரங்கிற்காகத் தேடப் புகுமாயின், அதன் கைக்கு முதலில் எட்டுவன பௌஹவுஸ் கலைப்பள்ளி பற்றிய படநூல்களாகவே பெரும்பாலும் இருக்கும். 1919 இல் வைமாரில் தொடங்கி 1933 இல் பேர்லினில் மூடப்பட்ட அப்பள்ளியின் முக்கியத்துவம் மறுக்கப்படுவதற்கில்லை. ஆயினும் ஒரு காலகட்டத்தின் வரலாற்றை ஒரு பள்ளியின் வரலாறாகவும், அதனையும் சில மேதைகளின் வரலாறாகவும் சுருக்கும் போக்கு ஓர் எளிய வினாவை மறைத்துவிடுகின்றது. அக்கலைஞர்களின் கருத்துக்கள் சாதாரண அச்சகங்களுக்குள் எவ்வழியாக நுழைந்தன?

இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் 1925 ஒக்டோபரில் லைப்ஸிக்கிலிருந்து வெளியான ஒரு சிறப்பிதழை நோக்குதல் வேண்டும். அது கலைச் சஞ்சிகையன்று. ஜேர்மன் அச்சுத் தொழிலாளரின் கல்விச் சங்கம் தன் உறுப்பினருக்காக நடத்திய தொழிற் சஞ்சிகை. ‘அடிப்படை அச்சுக்கலை’ எனும் பொருள் பற்றிய அவ்விதழைத் தொகுத்த யான் சிஹோல்ட் அப்போது 23 வயதினர். பெயர்ப்பலகை எழுதுவோர் ஒருவரின் மகனான அவர், லைப்ஸிக்கில் மரபுவழி எழுத்துக்கலையை முறையாகப் பயின்றவர். 1923 இல் வைமாரில் நடைபெற்ற பௌஹவுஸ் கண்காட்சியே அவரை வேறு திசைக்குத் திருப்பியது. சோவியத் கலைஞர்பாற் கொண்ட ஈடுபாட்டினால் தம் பெயரை ‘இவான்’ என்றே அவ்விதழில் அவர் பொறித்துக்கொண்டார். லிசிற்ஸ்கி, மொஹோலி-நாகி ஆகியோரின் ஆக்கங்கள், அவர்களை அதுவரை அறிந்திராத தொழிலாளரின் கைகளை இவ்வாறே சென்றடைந்தன.

இதழ் முன்வைத்த கோட்பாடுகள் சிலவே. அச்சின் நோக்கம் செய்தியைத் தெரிவித்தல்; அது சுருக்கமாகவும் எளிமையாகவும் அழுத்தமாகவும் அமைதல் வேண்டும்; அணிகள் வேண்டா; முனைக்கோடுகள் அற்ற எழுத்தே காலத்துக்கு உகந்தது; பக்கத்தின் நடுவே அச்சொன்றை நிறுத்தி இருபுறமும் சமன்செய்யும் பழைய முறையை விடுத்து, பொருளின் தேவைக்கேற்பச் சமச்சீரற்ற அமைப்பைக் கைக்கொள்ளல் வேண்டும்; அச்சிடப்படாத வெற்றிடமும் அமைப்பின் உறுப்பே.

இறுதியிற் கூறப்பட்டது ஓவியரைக் காட்டிலும் அச்சுக்கோப்பாளருக்கே எளிதில் விளங்கியிருக்கும் என்பது எமது கருத்து. ஈய எழுத்துக்களால் அச்சிடும் முறையில் வெற்றிடம் என்பது வெறுமையன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலும், வரியின் இரு முனைகளிலும் உலோகத் துண்டுகளை இட்டு நிரப்பினாலன்றிப் பக்கம் நிற்காது. எங்கே வெற்றிடம் விடுவதென்பது அன்று பெரும்பாலும் எழுத்துப் பெட்டியின் முன் நின்ற தொழிலாளியின் தீர்ப்பாகவே இருந்தது. ‘வடிவமைப்பாளர்’ எனும் தனித்தொழிலர் அச்சகத்திற்கு வெளியே நிலைபெறாத காலம் அது. எனவே சிஹோல்ட் அச்சுக்கோப்பாளரை நோக்கி எழுதியமை வெறும் பரப்புரைத் தந்திரமன்று. பக்கத்தை ஆக்கும் அதிகாரம் உண்மையில் அங்கேயே இருந்தது.

1928 இல் அதே சங்கத்தின் பதிப்பகம் அவரது ‘புதிய அச்சுக்கலை’ எனும் நூலை வெளியிட்டது. நூலின் முற்பகுதி புதிய யுகம் பற்றிப் பேசுகின்றது. பிற்பகுதியோ கடிதத்தாள், தபாலட்டை, விளம்பரம், சுவரொட்டி எனத் தொழிற்கைநூலாக விரிகின்றது. 1922 இல் வகுக்கப்பட்ட ஜேர்மன் நியமத் தாளளவுகளை அது வலியுறுத்துகின்றது. இவ்விரு பகுதிகளுக்குமிடையே ஒரு முரண்பாடு உண்டு. தொழிலாளர் சங்கமொன்று அச்சிட்ட நூல் கற்பித்த முறையைப் பெரிதும் வேண்டி நின்றது, உற்பத்தியையும் அலுவலகத்தையும் விரைவுபடுத்த முயன்ற வணிக உலகமே. வடிவம் புரட்சிகரமானதெனத் தோன்றிய வேளையிலேயே அதன் வாடிக்கையாளர் வேறொருவராயிருந்தார்.

1933 மார்ச்சில் நாஸிகள் சிஹோல்டைக் கைதுசெய்தனர். மியூனிக் அச்சுப் பள்ளிக்கு அவரை அழைத்திருந்த பவுல் ரென்னரும் அவ்வாண்டு கைதாகிப் பதவியிழந்தார். விடுதலையான சிஹோல்ட் குடும்பத்துடன் சுவிற்சர்லாந்தின் பேசல் நகருக்குச் சென்றார். இவ்வடக்குமுறையைக் கொண்டு நவீன வடிவமே பாசிசத்துக்கு எதிரானதென முடிவுகட்டுவோர் உளர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. பௌஹவுஸின் அச்சுப் பட்டறையை நடத்திய ஹேர்பேட் பையரே 1936 இல் ஒலிம்பிக்கையொட்டிப் பேர்லினில் நிகழ்ந்த ‘ஜேர்மனி’ கண்காட்சியின் விளக்கக் கையேட்டை வடிவமைத்தார். 1938 இலேயே அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். தேசிய எழுத்தெனப் போற்றப்பட்ட ஃபிராக்டூர் மரபெழுத்தையும் 1941 ஜனவரியில் அவ்வாட்சியே ‘யூத எழுத்து’ எனும் அபத்தமான பழியைச் சுமத்தி விலக்கி, உரோமன் எழுத்தை ஏற்றது. கைப்பற்றிய நாடுகளில் அம்மரபெழுத்தை வாசிப்போர் இன்மையே உண்மைக் காரணமெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது.

சிஹோல்ட் இதற்கு நேரெதிரான முடிவுக்குச் சென்றார். 1946 இல் சுவிஸ் அச்சுச் சஞ்சிகையொன்றில் மக்ஸ் பில் அவரைப் பழமைக்குத் திரும்பியவரெனத் தாக்கியபோது, புதிய அச்சுக்கலையின் சகிப்பின்மையும் படையொழுங்கு போன்ற ஒழுங்கு வேட்கையும் ஹிட்லரைத் தோற்றுவித்த மனப்பாங்கோடு உறவுடையன என அவர் விடையளித்தார். தம்மைச் சிறையிலிட்டவர்களின் குணத்தைத் தமது இளமைக்கால ஆக்கத்திலேயே கண்ட அவ்வேதனையை நாம் விளங்கிக்கொள்ளலாம். அதனை வாதமாக ஏற்றல் இயலாது. சமச்சீர் முடியாட்சியுமன்று, சமச்சீரின்மை சர்வாதிகாரமுமன்று. ஆனால் அதே கட்டுரையில் அவர் போகிற போக்கிற் கூறிய பிறிதொன்று ஆய்வாளரால் உரிய அளவு கவனிக்கப்படவில்லை. இயந்திர உற்பத்தி தொழிலாளியின் வேலை அனுபவத்தை வறிதாக்கிவிட்டது, அதனைப் பீடத்தில் ஏற்றுதல் தவறு என்பதே அது. விவாதம் எழுத்தின் வடிவத்திலிருந்து உழைப்பின் நிலைமைக்கு நகரக்கூடிய இடம் இதுவே. பில்லும் சரி, பின்வந்தோரும் சரி, அவ்வழியே செல்லவில்லை.

1947 முதல் 1949 வரை சிஹோல்ட் இங்கிலாந்தில் பெங்குவின் பதிப்பகத்தில் பணியாற்றி, 500 இற்கும் மேற்பட்ட மலிவுப் பதிப்புக்களின் அமைப்பைச் செம்மைப்படுத்தினார். சாதாரண வாசகர் கைக்கு நல்லச்சு சென்றடைந்தமை அவரது வாழ்வின் பெரும்பேறென்றே கொள்ளல் தகும். எனினும் பெங்குவின் நூல்கள் பல அச்சகங்களில் அச்சாகின; அவற்றின் அச்சுக்கோப்பாளருக்கு அவர் இப்போது சஞ்சிகை தொகுக்கவில்லை. நான்கு பக்க விதிக்கோவை ஒன்றை அனுப்பினார். தலைப்பெழுத்துக்களின் இடைவெளியைக் கண்ணளவிற் சமன்செய்க எனும் கட்டளையைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்து, இறுதியில் அதற்கென ஓர் இறப்பர் முத்திரையையே செய்வித்து, திருத்தப்படிகளிற் குத்தி அனுப்பினார்.